கூட்டத்தால் வளரும் நகரம்: திருவண்ணாமலையில் எது தங்குகிறது?

பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தின் வயல்களைப் பசுமைப் புரட்சி மாற்றிக்கொண்டிருந்த 1970களின் தொடக்கத்தில், கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அங்கே ஊர் ஊராகப் போய்க் கணக்கெடுத்தார்கள். யாருக்கு எவ்வளவு நிலம், எத்தனை கிணறு, எந்த ரக நெல், என்ன கூலி, யாரிடம் கடன் என்று எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்கள். பத்தாண்டுகளுக்குப் பின் அதே ஊர்களில் மறுபடியும் கணக்கெடுப்பு நடந்தது. இரண்டையும் ஒப்பிட்டுப் பொருளாதார அறிஞர் பீட்டர் ஹேசலும், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சி. இராமசாமியும் 1991இல் ஒரு நூல் கொண்டுவந்தார்கள். வளரும் நாடுகளின் ஊரகப் பொருளாதாரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் எடுத்துக்காட்டும் ஓர் எண் அந்த ஆய்விலிருந்து வந்தது. வேளாண்மையில் 1 ரூபாய் கூடுதல் மதிப்பு உண்டானால், அதே வட்டாரத்தின் மற்றத் தொழில்களில் இன்னும் 87 காசு மதிப்பு உண்டாகிறது என்பதே அது.

அந்த 87 காசு எங்கே போயிற்று என்று ஊர்க்காரர்களைக் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். நெல் கூடுதலாக விளைந்தால் அரைவை ஆலைக்கு வேலை கூடும். மல்லாட்டை (வேர்க்கடலை) நன்றாகக் கண்டால் எண்ணெய்ச் செக்கும் கமிஷன் மண்டியும் ஓடும். பம்புசெட்டு பழுதானால் பட்டறைக்குப் பணம் போகும். அறுவடை முடிந்த கையோடு பெண்ணுக்குக் கல்யாணம் வைத்தால் துணிக்கடை, பாத்திரக்கடை, நகைக்கடை எல்லாவற்றுக்கும் அந்தப் பணம் போய்ச் சேரும். ஆரணி, போளூர், செங்கம், வந்தவாசி, திருவண்ணாமலை ஆகிய ஊர்களின் கடைத்தெருக்கள் இப்படித்தான் நீண்டன. சுற்றுவட்டாரத்து வயல் செழித்தால் ஊர் செழிக்கும். வயல் காய்ந்தால் ஊரில் கடன் வசூலாகாது.

1989 செப்டம்பர் 30ஆம் தேதி வட ஆர்க்காடு இரண்டாகப் பிரிந்தது. தெற்குப் பகுதிக்குத் திருவண்ணாமலை தலைநகரானது. ஆட்சியர் அலுவலகம், நீதிமன்றங்கள், பின்னர் 2013இல் அரசு மருத்துவக் கல்லூரி என்று அரசின் கட்டடங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஆனால் கடந்த முப்பது ஆண்டுகளில் இந்த ஊரைப் பெருக்கியது அரசு அலுவலகமும் அல்ல, வயலும் அல்ல. வெளியிலிருந்து வரும் கூட்டம். பௌர்ணமிதோறும் பல லட்சம் பேர் வந்து, 14 கிலோமீட்டர் மலை சுற்றிவிட்டு, விடிவதற்குள் பேருந்து ஏறுகிறார்கள். கார்த்திகைத் தீபத்துக்கு வருகிறவர்களை அதிகாரிகள் 20 லட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள். 2011 கணக்கெடுப்பின்படி இந்த ஊரில் குடியிருப்போர் 1,45,278 பேர்.

இப்படி வளரும் நகரத்தில், கூட்டம் கொண்டுவரும் பணத்தில் எவ்வளவு ஊரிலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் தங்குகிறது? நகரமயமாதல் வளர்ச்சி தருமா என்ற பெரிய கேள்வியை இங்கே இப்படித்தான் கேட்கவேண்டும் என்று நினைக்கிறேன். ஊரில் தங்கும் விடுதி எத்தனை எழுந்தது என்று எண்ணுவது சுலபம். அந்த விடுதியில் போடும் சாப்பாட்டுக்கு அரிசி எங்கிருந்து வந்தது என்று பார்க்கத் தொடங்கினால்தான் மாவட்டத்தின் நிலை தெரியும்.

கோயில் ஊர் என்றாலே பக்தர் பணத்தில் வாழும் ஊர் என்று எண்ணுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. அண்ணாமலையார் கோயிலின் சுவர்களில் சோழர் காலம் தொட்டு நாயக்கர் காலம் வரையிலான கல்வெட்டுகள் நிறைந்திருக்கின்றன. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1990ஐ ஒட்டி அவற்றைத் தொகுத்துப் பல தொகுதிகளாக வெளியிட்டது. போசள மன்னன் மூன்றாம் வீர வல்லாளன் 14ஆம் நூற்றாண்டில் இந்த ஊரையே தன் தலைநகராக வைத்துக்கொண்டு ஆண்டான். கோயிலின் ஒரு கோபுரம் இன்றும் அவன் பெயரில் நிற்கிறது. கிருஷ்ணதேவராயர் தொடங்கிய 11 நிலை இராஜகோபுரத்தைத் தஞ்சை நாயக்கர் சேவப்பர் முடித்தார். 217 அடி உயரக் கோபுரத்தை எழுப்பக் கல்லும் சுதையும் ஆளும் எத்தனை ஊர்களிலிருந்து வந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், கோயிலும் நாட்டுப்புறமும் எவ்வளவு நெருங்கிப் பிணைந்திருந்தன என்பது விளங்கும்.

அந்தப் பிணைப்பைப் புரிந்துகொள்ள ஒரு விளக்கே போதும். சோழர் காலத்தில் கோயிலுக்கு நந்தா விளக்கு வைக்க விரும்பியவர் நெய்யை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. ஆடுகளைக் கொடுத்தார். ஒரு விளக்குக்குத் தொண்ணூறு அல்லது தொண்ணூற்றாறு ஆடு என்பது பல கோயில்களில் கண்ட வழக்கம். அந்த ஆடுகள் இடையர் பொறுப்பில் விடப்படும். அவர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்கவேண்டும். மந்தையின் எண்ணிக்கையைக் குறையாமல் காக்கவேண்டும். அதனால்தான் கல்வெட்டுகள் அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்கின்றன. பெருகும் குட்டியும் மிஞ்சும் பாலும் மேய்ப்பவருக்கு. கொடை கொடுத்தவருக்குப் புண்ணியம், கோயிலுக்கு வெளிச்சம், மேய்ப்பவருக்குத் தொழில் முதல் என்று ஒரே கொடை மூன்று இடத்தில் வேலை செய்தது.

வரலாற்றாசிரியர் பர்ட்டன் ஸ்டைன் 1960இல் எழுதிய ஒரு கட்டுரை இதைத் திருப்பதியை வைத்து விரிவாகக் காட்டியது. விஜயநகரக் காலத்தில் திருப்பதிக் கோயிலுக்குப் பணமாக வந்த கொடைகள் கோயிலுக்குச் சொந்தமான கிராமங்களில் ஏரியும் கால்வாயும் வெட்டச் செலவிடப்பட்டன. அதனால் கூடிய விளைச்சலில் ஒரு பங்கு கொடையாளர் பெயரில் நைவேத்தியமாக ஆண்டுதோறும் திரும்பியது. கோயில் பணத்தைச் சேர்த்து வைத்த இடம் மட்டுமல்ல, அதை நிலத்தில் முதலீடு செய்த அமைப்பு என்பது அவர் கண்ட முடிவு. அந்தக் காலத்தைப் பொற்காலமாக்க எனக்கு விருப்பமில்லை. அந்த ஏரி நீரில் நாற்று நட்டவர்களில் பலர் கோயில் வாசலைத் தாண்ட அனுமதிக்கப்படாதவர்கள். விளைச்சலின் பெரும்பங்கு யாருக்குப் போனது என்பதும் கல்வெட்டிலேயே இருக்கிறது. ஆனாலும் பக்தரின் பணம் நாட்டுப்புறத்துக்குப் போய், அங்கே உற்பத்தியாகித் திரும்பி வந்தது என்பதை மறுக்க முடியாது.

இன்று தீபத்தன்று 2,668 அடி உயர மலையுச்சியில் செப்புக் கொப்பரையில் எரிவதற்கு ஏறத்தாழ 3,500 கிலோ நெய் வேண்டும். பக்தர்கள் காணிக்கைச் சீட்டு எடுக்கிறார்கள். நெய் மொத்தமாகக் கொள்முதல் செய்யப்படுகிறது. பக்தி அதேதான். 11 நாள் எரிகிற தீபமும் அதேதான். மலையடிவாரத்து மேய்ப்பவருக்கும் அந்த நெய்க்கும் இடையே இருந்த கணக்குதான் இல்லாமல் போனது.

இடைப்பட்ட காலத்தில் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1886இல் ஊர் நகராட்சியானது. விழுப்புரம் – காட்பாடி இரயில் பாதை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்து, வேர்க்கடலையையும் அரிசியையும் ஏற்றிச் சென்றது. 1896 செப்டம்பர் 1ஆம் தேதி மதுரையிலிருந்து பதினாறு வயதுப் பையன் ஒருவர் வந்து சேர்ந்தார். பின்னாளில் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்தவர். ஆங்கில எழுத்தாளர் பால் பிரண்டன் 1934இல் எழுதிய நூல் அவரை ஐரோப்பாவுக்கு அறிமுகம் செய்தது. அப்போது தொடங்கிய வெளிநாட்டவர் வருகை 1950இல் அவர் மறைந்த பிறகும் நிற்கவில்லை. செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைச் சுற்றி இன்று ஒரு தனிப் பேட்டையே இருக்கிறது. குளிர்காலத்தில் மாதக்கணக்கில் வாடகைக்கு இருக்கும் வெளிநாட்டவர், அவர்களுக்கான உணவகம், துணிக்கடை, இரண்டு சக்கர வாகன வாடகை என்று அந்தத் தெருக்களின் பொருளாதாரமே வேறு.

பெருங்கூட்டம் வந்தது 1990களில்தான். அதற்கு முன்பும் கிரிவலம் இருந்தது. ஆனால் சுற்றியவர்கள் பெரும்பாலும் சுற்றுவட்டாரத்தார், விரதக்காரர்கள், சாமியார்கள். பாதைக்கு விளக்கு வந்தது. அதில் நடிகர் ரஜினிகாந்தின் பங்கு ஊரறிந்தது. பௌர்ணமிக்கென்று அரசுப் போக்குவரத்துக் கழகம் சிறப்புப் பேருந்து விட்டது. பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் எழுதின, காட்டின. கடந்த சில ஆண்டுகளில் ஆந்திரத்திலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் வருவோர் மிகவும் கூடிவிட்டார்கள். சாகண்டி கோடேஸ்வர ராவ் போன்றோரின் தெலுங்குச் சொற்பொழிவுகள் அதற்குப் பெரிய காரணம் என்கிறார்கள். மாட வீதிகளில் தெலுங்குப் பெயர்ப்பலகைகள் பெருகின. 2024இல் சென்னைக் கடற்கரையிலிருந்து வேலூர் வரை ஓடிக்கொண்டிருந்த மெமு இரயில் திருவண்ணாமலை வரை நீட்டிக்கப்பட்டது.

இந்தக் கூட்டம் ஊருக்கு வேலை கொடுக்கிறது. அதைக் குறைத்துச் சொல்வது நியாயமில்லை. பௌர்ணமி இரவு கிரிவலப் பாதையில் பூ விற்கும் பெண், தேங்காய் கற்பூரத் தட்டு வைத்திருப்பவர், இளநீர் வண்டிக்காரர், பஜ்ஜிக் கடை, டீக்கடை, செருப்புக் காக்கும் ஆள், ஆட்டோ ஓட்டுநர் என்று பல ஆயிரம் குடும்பங்களுக்கு அன்றைய வருமானம் அந்த மாதச் செலவில் பெரும்பங்கைத் தாங்குகிறது. ஆனால் அது மாதத்தில் ஓரிரண்டு இரவு வரும் வருமானம். ஓர் ஆண்டில் பன்னிரண்டு பௌர்ணமி, சில ஆண்டுகளில் பதின்மூன்று. அதோடு தீபத் திருவிழாவின் பத்து நாள். மீதி நாட்களில் வார விடுமுறைக் கூட்டம் உண்டென்றாலும் சமமாக வராது. இப்படி ஏறி இறங்கும் வருமானத்தை நம்பி யாரும் நிலையான ஆள் வைத்துத் தொழில் நடத்த முடியாது. தள்ளுவண்டியை இரண்டாக்கலாம், வண்டியைக் கடையாக்குவது கடினம்.

பொருளாதார அறிஞர் பார்பரா ஹாரிஸ்-ஒயிட் இதே மாவட்டத்து ஆரணியை 1973 முதல் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் திரும்பத் திரும்ப ஆராய்ந்தவர். நெல் ஆலையும் பட்டு நெசவும் நகை வேலையும் நிறைந்த அந்தச் சிறு நகரில் அவர் கண்டது, தொழில்கள் பெரிதாவதைவிடச் சிறு தொழில்கள் எண்ணிக்கையில் பெருகுகின்றன என்பது. ஒருவர் பத்துப் பேருக்கு வேலை கொடுப்பவராக வளர்வதில்லை; பத்துப் பேரும் தனித்தனியே சிறு கடை போடுகிறார்கள். கடன், சாதிச் சங்கம், குடும்ப உழைப்பு ஆகியவைதான் அந்தச் சந்தையை நடத்துகின்றன. பெரும்பகுதித் தொழில் பதிவேட்டில் இல்லாதது. ஆரணிக்கு அவர் சொன்னது திருவண்ணாமலைக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். ஆரணியிலாவது பட்டுச்சேலை என்ற பண்டம் இருக்கிறது. அதை நெய்து வெளியூருக்கு விற்கிறார்கள். திருவண்ணாமலை நகரம் வெளியூருக்கு விற்கும் பண்டம் என்ன என்று தேடிப் பார்த்தால் கை வெறுமையாகத்தான் திரும்புகிறது.

உலக அளவில் இதற்கு ஒரு பெயர் உண்டு. பொருளாதார அறிஞர்கள் டக்ளஸ் காலின், ரெமி ஜெட்வாப், டீட்ரிக் வோல்ராத் ஆகியோர் 2016இல் வெளியிட்ட ஆய்வு, வளரும் நாடுகளின் நகரங்களை உற்பத்தி நகரங்கள், நுகர்வு நகரங்கள் என்று பிரித்தது. எண்ணெயும் கனிமமும் ஏற்றுமதி செய்யும் நாடுகளில் தொழிற்சாலை இல்லாமலேயே நகரங்கள் பெருத்தன. வெளியிலிருந்து வந்த வருமானம் கடை, கட்டடம், வீட்டுவேலை, போக்குவரத்து ஆகியவற்றில் செலவானது. நகரவாசிகளின் விழுக்காட்டை மட்டும் பார்த்தால் அந்நாடுகள் தொழில்மயமான நாடுகளைப் போலவே தோன்றும். கூலியும் திறனும் வளர்ந்திருக்காது. திருவண்ணாமலையில் எண்ணெய்க் கிணறு இல்லை. ஆனால் வெளியிலிருந்து வரும் வருமானம் கடைகளிலும் மனைகளிலும் செலவாகும் முறை அதேதான்.

மனை என்பதைச் சற்று நின்று பார்க்கவேண்டும். கூட்டத்தின் பணத்தில் பெரும்பகுதி ஊரில் தங்குவது நிலத்தின் விலையாகத்தான். மலை தெரியும் மனை, கிரிவலப் பாதைக்கு அருகில் மனை என்று விளம்பரப் பலகைகள் நாற்புறச் சாலைகளிலும் நிற்கின்றன. அடி அண்ணாமலை, அத்தியந்தல் பக்கம் கரம்பும் கிணற்றுப் பாசன வயலுமாக இருந்தவை மனைப்பிரிவுகளாயின. வாங்குகிறவர்களில் சென்னை, பெங்களூர், ஐதராபாத் ஆட்கள் ஏராளம். வெளிநாட்டில் இருப்பவர்களும் உண்டு. வாங்கிய மனையில் பலர் வீடு கட்டுவதில்லை. கட்டினாலும் ஆண்டுக்குச் சில நாட்களே தங்குகிறார்கள். நிலத்தை விற்ற உழவர் குடும்பத்துக்கு ஒரு தலைமுறைக்குப் பணம் வந்தது; கடன் அடைந்தது, பிள்ளைகள் படித்தார்கள். ஆனால் அதே ஊரில் நிலமில்லாத குடும்பத்துக்குக் கிடைத்தது என்ன? அவர்கள் குடியிருக்க இடம் தேடும்போது விலை அவர்களை மலையை நோக்கித் தள்ளியது.

2024 டிசம்பர் 1ஆம் தேதி மாலை நடந்தது அதன் விளைவு. ஃபெஞ்சல் புயல் கரை கடந்த மறுநாள், விடாத மழையில் மலைச்சரிவிலிருந்து பாறையும் மண்ணும் சரிந்து வ.உ.சி. நகரில் வீடுகள் மேல் விழுந்தன. 7 பேர் இறந்தார்கள். அவர்களில் 5 பேர் குழந்தைகள். வல்லுநர் குழுக்கள் வந்து மலையை ஆராய்ந்தன. அந்த ஆண்டு தீபத்துக்குப் பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. சரிவில் வீடு கட்டியது சட்டமீறல் என்று உடனே பேச்சு எழுந்தது. ஆக்கிரமிப்புகள் பற்றிய வழக்குகள் உயர் நீதிமன்றத்தில் நடக்கின்றன. நீதிமன்றத்தின் அக்கறை சரியானதே. ஆனால் அங்கே வாழ்கிறவர்கள் யார் என்று பார்க்கவேண்டும். கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் தள்ளுவண்டிக்கும் போகிறவர்கள், கூட்டத்துக்குச் சேவை செய்து ஊரை நடத்துகிறவர்கள், ஊருக்குள் வாடகை கொடுக்க முடியாமல் அங்கே போனார்கள். அவர்களுக்கு வேலைக்குப் பக்கத்தில் பாதுகாப்பான இடம் கொடுக்காமல் அப்புறப்படுத்தினால் இன்னொரு சரிவில் இன்னொரு குடியிருப்பு உருவாகும்.

மலையைப் பற்றிச் சொல்லும்போது ஒரு நல்ல செய்தியையும் சொல்லியாகவேண்டும். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேய்ச்சலாலும் விறகுக்கு வெட்டியதாலும் மொட்டையாகிப்போன மலையில், 1980களின் இறுதியிலிருந்து அண்ணாமலை காடு வளர்ப்புச் சங்கமும் பின்னர் வந்த அமைப்புகளும் வனத்துறையோடு சேர்ந்து நாட்டு மரங்களை நட்டு வளர்த்தன. கோடையில் தீயணைப்பதற்கென்றே உள்ளூர் ஆட்கள் பழக்கப்பட்டார்கள். இன்று சரிவுகளில் தெரியும் பசுமை அவர்கள் உழைப்பு. 2016இல் கிரிவலப் பாதையை அகலப்படுத்த மரங்களை வெட்டத் தொடங்கியபோது, எதிர்ப்பு எழுந்து விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. 2023இல் இராஜகோபுரத்துக்கு எதிரே வணிக வளாகம் கட்ட முயன்றபோதும் வழக்கு வந்தது. கூட்டத்துக்கு வசதி என்ற பெயரில் செய்யப்படும் எந்த வேலையும் ஊரின் ஏதோ ஒன்றை எடுத்துக்கொண்டுதான் நடக்கிறது. எதை எடுப்பது என்று முடிவு செய்யும் இடத்தில் ஊர்க்காரர்கள் இல்லை என்பதுதான் சிக்கல்.

நகராட்சிக் கணக்கில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். மாநில நிதி ஆணையத்தின் பகிர்விலும் மத்திய மானியத்திலும் ஓர் ஊருக்குக் கிடைக்கும் தொகையைத் தீர்மானிப்பதில் மக்கள்தொகை முக்கிய அளவுகோல். அந்த மக்கள்தொகை என்பது குடியிருப்போரின் எண்ணிக்கை; வந்துபோவோர் அதில் இல்லை. ஒன்றரை லட்சம் பேருக்கென்று வரும் நிதியில் பல லட்சம் பேருக்குக் குடிநீர், கழிப்பறை, குப்பை அகற்றல், விளக்கு. தீபத்துக்கு மற்ற உள்ளாட்சிகளிலிருந்து தூய்மைப் பணியாளர்களைக் கொண்டுவந்து இறக்குகிறார்கள். கோயில் உண்டியலில் மாதந்தோறும் கோடிக்கணக்கில் சேர்கிறது. அது இந்து சமய அறநிலையத் துறையின் கீழ், சமய, அறப் பணிகளுக்கான நிதி. சரக்கு, சேவை வரி மாநிலத்துக்கும் மத்திய அரசுக்கும். விடுதிக்காரர் வருமானம் அவருக்கு. பௌர்ணமிக்கு மறுநாள் காலை 14 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் காகிதத் தட்டும் பிளாஸ்டிக் பாட்டிலும் மட்டும் உள்ளாட்சிக்கு.

2024இல் அரசு திருவண்ணாமலையை மாநகராட்சியாக்கியது. புதுக்கோட்டை, நாமக்கல், காரைக்குடி ஆகியவையும் கூடவே மாநகராட்சிகளாயின. அடுத்துள்ள ஊராட்சிகளை இணைப்பது இதன் பகுதி. தமிழ்நாட்டின் பல இடங்களில் இப்படி இணையவேண்டியிருந்த ஊராட்சி மக்கள் 2024, 2025 ஆண்டுகளில் மனு கொடுத்தார்கள், மறியல் செய்தார்கள். அவர்கள் சொன்ன காரணம் எளிது. 100 நாள் வேலை என்ற ஊரக வேலைத் திட்டம் ஊராட்சிக்கு மட்டும்தான்; நகரமானால் அது போய்விடும், சொத்து வரியும் குடிநீர்க் கட்டணமும் ஏறும். அதிகாரிகளுக்கு நகரமயமாதல் என்பது எல்லை மாற்றம். களை எடுக்கும் வேலையும் ஊரக வேலைத் திட்டக் கூலியும் சேர்த்து ஆண்டை ஓட்டும் ஒரு பெண்ணுக்கு அது கையிலிருக்கும் கூலி போவது. ஊர் நகரமாக மாறும்போது, ஊரகத்தில் இருந்த உரிமைக்கு ஈடாக நகரத்தில் என்ன வேலை உரிமை உண்டு என்ற அவர்களது கேள்விக்குப் பதில் சொல்லாமல் எல்லைக்கல்லை நகர்த்துவது முறையல்ல.

மாவட்டத்தின் பிற பகுதிகளைப் பார்த்தால் படம் விரியும். தமிழ்நாட்டில் 2011இல் 48 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் நகரவாசிகள். திருவண்ணாமலை மாவட்டத்தில் ஏறத்தாழ 20 விழுக்காடுதான். மாவட்டத்தின் பெரிய தொழிற்பேட்டை தலைநகருக்கு அருகில் இல்லை. வடகிழக்குக் கோடியில், காஞ்சிபுரத்தை ஒட்டிய செய்யாறு சிப்காட்டில் இருக்கிறது. அங்கே தைவானின் ஃபெங் டே குழுமத்தின் காலணித் தொழிற்சாலையில் ஆயிரமாயிரம் பேர் வேலை செய்கிறார்கள்; பெரும்பாலோர் சுற்றுவட்டாரக் கிராமத்து இளம்பெண்கள். மாதச் சம்பளம், வருங்கால வைப்பு நிதி, தொழிற்சாலைப் பேருந்து. கிரிவலப் பாதைக் கடையால் கொடுக்க முடியாதவை இவை. அதே சிப்காட்டின் விரிவாக்கத்துக்காக மேல்மா முதலான ஊர்களில் 3,000 ஏக்கருக்கு மேல் நிலம் எடுக்க முயன்றபோது உழவர்கள் எதிர்த்தார்கள். 2023 நவம்பரில் அவர்களில் 7 பேர் மேல் குண்டர் சட்டம் பாய்ந்தது. மாநிலமெங்கும் கண்டனம் எழுந்தபின் அவர்களில் பெரும்பாலோர் மேலிருந்து அது திரும்பப் பெறப்பட்டது. தொழிற்சாலை வேண்டும் என்பதும், முப்போகம் விளையும் நிலம் வேண்டும் என்பதும் ஒரே வீட்டில் வாழும் இரண்டு தேவைகள். மகள் காலணித் தொழிற்சாலைக்குப் போகிறாள். தகப்பன் நிலத்தைக் காக்கப் பந்தலில் உட்கார்ந்திருக்கிறார்.

வேலை கிடைக்காத மீதிப் பேர் வெளியேறுகிறார்கள். செங்கம், தண்டராம்பட்டு, கலசபாக்கம் பக்கத்து ஆட்கள் பெங்களூரில் கட்டட வேலை செய்வது இரண்டு தலைமுறைப் பழக்கம். பொங்கல் முடிந்தபின் பெங்களூர் பேருந்துகளில் தட்டுமுட்டுச் சாமானோடு குடும்பம் குடும்பமாக ஏறுவார்கள். ஜவ்வாது மலையிலிருந்து ஆந்திரக் காடுகளுக்குச் செம்மரம் வெட்டப் போனவர்களின் கதை இன்னும் கொடியது. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்தார். மாவட்டத் தலைநகரில் பௌர்ணமிக்குப் பல லட்சம் பேர் பணம் செலவழிக்கும்போது, அதே மாவட்டத்து மலைவாசி உயிரைப் பணயம் வைத்துக் கோடரியோடு அடுத்த மாநிலத்துக்குப் போகவேண்டியிருந்தது. இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்காமல் திருவண்ணாமலையின் வளர்ச்சியைப் பேச எனக்கு மனம் வரவில்லை.

கூட்டத்தைக் குறைக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. நம்பிக்கையோடு நடக்கிறவர்களை யாரும் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. செய்யவேண்டியது, கூட்டம் வாங்குவதை மாவட்டம் விளைவிப்பதோடு மறுபடி கட்டுவது. கோயில் அன்னதானத்துக்கும் ஆசிரமங்களின் பந்திக்கும் விடுதிகளின் சமையலுக்கும் நாள்தோறும் அரிசி, பருப்பு, காய்கறி, எண்ணெய், பால் வேண்டும். கலசபாக்கத்து நெல்லும், செங்கத்து மல்லாட்டை எண்ணெயும், ஜவ்வாது மலைச் சாமையும் தேனும் அந்தச் சமையலறைகளுக்கு நேரடியாக வர ஏற்பாடு செய்ய முடியும். மகளிர் சுயஉதவிக் குழுக்களும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் ஏற்கெனவே இருக்கின்றன. இல்லாதது நிலையான கொள்முதல் ஒப்பந்தம். ஆரணிப் பட்டும் வந்தவாசிக் கோரைப்பாயும் விற்க, கோயிலுக்குப் போகும் வழியில் நல்ல இடம் இருந்தால் போதும். தீப நெய்யை மாவட்டத்துப் பால் கூட்டுறவுச் சங்கங்களிடமிருந்தே வாங்குவது என்று விதி வகுத்தால், நந்தா விளக்குக்கு ஆடு விட்ட பழைய கணக்கு இன்றைய வடிவில் திரும்பும். வயலில் பிறந்த 1 ரூபாய் ஊரில் 87 காசைப் பிறப்பித்தது என்றால், ஊரில் விழும் 1 ரூபாய் வயலில் எத்தனை காசைப் பிறப்பிக்கிறது என்று ஓர் ஆய்வு இப்போது நடக்கவேண்டும். அதற்கு வேண்டிய பழைய கணக்கெடுப்பு உள்ள மாவட்டம் இதைப்போல் இந்தியாவில் அதிகம் இல்லை.

உள்ளாட்சி நிதியைப் பொறுத்தவரை, வந்துபோவோரின் எண்ணிக்கையையும் பகிர்வுக்கு ஓர் அளவுகோலாக்குவதே நேரான வழி. திருவண்ணாமலைக்கு மட்டுமல்ல, பழனி, இராமேசுவரம், வேளாங்கண்ணி, நாகூர், திருச்செந்தூர் என்று தமிழ்நாட்டில் வழிபாட்டுக் கூட்டத்தைத் தாங்கும் ஊர்கள் பல. எத்தனை பேருந்து வந்தது, எத்தனை இரயில் பயணச்சீட்டு விற்றது என்ற கணக்கு அரசிடமே இருக்கிறது. அதைக் கொண்டு ஒரு சிறப்பு மானியம் வகுப்பதும், விடுதி வாடகையில் சிறு பங்கை உள்ளாட்சிக்கே ஒதுக்குவதும், அதில் ஒரு பகுதியைச் சரிவில் வாழும் குடும்பங்களுக்கு ஊருக்குள் வாடகை வீடு கட்டச் செலவிடுவதும் சட்டத்தால் முடியாத காரியங்கள் அல்ல.

2021இல் நடந்திருக்கவேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1ஆம் தேதியை அடிப்படை நாளாக வைத்து நடக்கவிருக்கிறது. வீடு வீடாக ஆட்களை எண்ணுவது பிப்ரவரியில். அந்த மாதம் 20ஆம் தேதி மாசிப் பௌர்ணமி. அன்றிரவு மலை சுற்றும் பல லட்சம் பேரை அவரவர் ஊர்க் கணக்கில் எழுதுவார்கள். குடும்பத்தோடு பெங்களூருக்குப் போய்க் கட்டட வேலைக் கொட்டகையில் தங்கியிருக்கும் செங்கத்துத் தொழிலாளியைப் பெங்களூரில் எழுதுவார்கள். வெளியூர்க்காரர் வாங்கிப் பூட்டி வைத்திருக்கும் வீடுகளில் எழுத ஆள் இருக்காது. அடுத்த பத்தாண்டுக்குத் திருவண்ணாமலை மாநகராட்சியின் நிதி, குடிநீர்த் திட்டம், தூய்மைப் பணியாளர் எண்ணிக்கை எல்லாம் அந்த எண்ணை வைத்தே முடிவாகும். அடுத்த மாநில நிதி ஆணையம் தன் அளவுகோல்களை எழுதும்போது, வழிபாட்டு ஊர்களின் கூட்டத்துக்கும் ஒரு வரி சேர்க்கவேண்டும் என்று இந்த ஊர்களின் மேயர்களும் நகர்மன்றத் தலைவர்களும் கட்சி பார்க்காமல் இப்போதே சேர்ந்து கேட்கலாம்.